பின்வளவுக்குப் போகுமுன்

எங்கள் கரையோர ஊர்களில் ஒரு பெண்பிள்ளை பிறந்தால் அன்றைக்கே வாப்பாவின் தலையில் ஒரு வீடு ஏறிவிடும். காத்தான்குடியிலிருந்து பொத்துவில் வரை, மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் கடலோர முஸ்லிம் ஊர்களில் இது பொதுவான வழக்கம். அயலில் உள்ள தமிழ் ஊர்களிலும் அப்படித்தான். மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணின் பெயரில் எழுதப்படும். மூத்தவளுக்கு இருக்கிற வீட்டைக் கொடுத்துவிட்டு, மற்றப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பெற்றோர் அதே வளவிலோ பக்கத்து வளவிலோ இன்னொன்றைக் கட்டிக்கொண்டு போவார்கள். அடுத்தவளுக்கும் அப்படியே. கடைசிக் குமரும் கரையேறிய பின்னர் வாப்பாவும் உம்மாவும் பின்வளவில், கிணற்றுக்கும் கோழிக்கூட்டுக்கும் நடுவே ஓர் அறைக்குள் வந்து சேர்வார்கள். பல வீடுகளில் அந்த அறை முன்னொரு காலத்தில் குசினியாக இருந்தது. சுவரில் புகை படிந்த கறுப்பு இன்னும் போயிருக்காது.

இந்த வழக்கத்தைக் குறை சொல்வதற்காக நான் எழுதவில்லை. நாட்டின் வேறு பகுதிகளில் பல பெண்களுக்கு இல்லாத ஒரு பலம் எங்கள் பெண்களுக்கு இதனால் கிடைத்திருக்கிறது. தலாக் ஆனால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவார். பெண்ணும் பிள்ளைகளும் கூரையை இழப்பதில்லை. சீதனத்தைக் கண்டித்து எத்தனையோ கதைகள் நமது சஞ்சிகைகளில் வந்திருக்கின்றன. நானும் வாசித்து உருகியிருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை குமரைக் கரையேற்ற முடியாமல் தவிக்கும் வாப்பாவைப் பற்றியவை. கரையேற்றி முடித்த வாப்பாவுக்கு அதன் பிறகு என்ன நடந்தது என்று எழுதியவர்கள் குறைவு.

என் மூத்தவாப்பா கடைசி மகளைக் கட்டிக்கொடுத்து 14 மாதங்களில் மௌத்தானார். அறுபதை அவர் காணவில்லை. என் வாப்பா மூன்றாவது ராத்தாவை 1996இல் கட்டிக்கொடுத்துவிட்டுப் பின்வளவுக்குப் போனார். அப்போது அவருக்கு 59 வயது. 2019இல் மௌத்தாகும் வரை 23 வருடங்கள் அங்கேதான் இருந்தார். அந்த 14 மாதங்களையும் இந்த 23 வருடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என் பேச்சு விளங்கும். பின்வளவு என்பது மூத்தவாப்பா காலத்துக் கணக்கு. அந்தக் காலத்தில் அது மௌத்துக்கு முன்னால் உள்ள ஒரு சின்னத் தங்கல். இப்போது அது ஓர் ஆசிரியரின் முழுச் சேவைக்காலம் அளவுக்கு நீண்டுவிட்டது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இலங்கையில் 100 பேருக்கு 12 பேருக்கு மேல் 60 வயதைக் கடந்தவர்கள். அதன் பின்னர் அந்தத் தொகை கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. ஆயுள் நீண்டுவிட்டது, பின்வளவு மாத்திரம் அதே அகலத்தில் இருக்கிறது.

வாப்பாவுக்குச் சோறு ஒரு நேரமும் தவறியதில்லை. மூன்று ராத்தாமாரும் முறை வைத்துக் கொடுத்தார்கள். நான் கலியாணம் முடித்து இரண்டு தெரு தள்ளி மனைவியின் வீட்டுக்குப் போன பிறகு வெள்ளிக்கிழமை என்னுடைய முறையாயிற்று. உடுப்பு, மருந்து, பெருநாளைக்குச் சாரம் எல்லாம் ஒழுங்காக நடந்தன. மச்சான்மார் மூவரும் நல்ல மனிதர்கள். ஊரில் எங்கள் வாப்பாவைப் பார்த்து, கொடுத்து வைத்தவர் என்றுதான் சொன்னார்கள். உம்மா 2007இல் மௌத்தான பிறகும் ஊர் அப்படித்தான் சொன்னது.

குறை வேறோர் இடத்தில் இருந்தது. அந்த அறைக்குத் தனி வழி இல்லை. ரோட்டிலிருந்து வாப்பாவிடம் போவதென்றால் ராத்தாவின் கடப்பைத் திறந்து, விறாந்தையைத் தாண்டி, வீட்டின் பக்கத்தால் குசினி வாசலைக் கடந்து போக வேண்டும். வாப்பாவுக்கு ஒரு கூட்டாளி இருந்தார். இருவரும் ஒரே வட்டையில் வயல் செய்தவர்கள். யானைக்குக் காவல் இருந்தவர்கள். அஸருக்குப் பிறகு வந்து மஃரிப் வரை பேசிக்கொண்டிருப்பார். தண்ணீர் முறை, உரவிலை, யாருடைய பெட்டிச் சண்டை எப்படித் தீர்ந்தது என்று அவர்களுக்குப் பேச்சுக்குக் குறைவிருந்ததில்லை. ராத்தாவின் பெண்பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களானதும் அவருடைய வரவு கிழமைக்கு ஒன்றாயிற்று. பிறகு பெருநாளைக்கு மட்டும் என்றாயிற்று. நான் ஒருநாள் பள்ளியில் அவரைப் பிடித்துக் கேட்டேன்.

"பொம்புளப் புள்ளையள் இரிக்கிற ஊடு மனே. ஒவ்வொரு நாளும் முன்வாசல்ல நிண்டு கூப்புட எனக்கும் ஒரு மாதிரித்தான். உங்கட மச்சான் எழும்பி நிண்டு மரியாத தாறாரு. அதுதான் இன்னும் கஷ்டம்" என்றார்.

யார் மீது இதற்குக் குற்றம் சொல்வது? ராத்தா ஒரு வார்த்தை சொன்னதில்லை. மச்சானோ எழும்பி நின்று மரியாதை கொடுத்தவர். ஒரு கதவு இல்லாத காரணத்தால் 50 வருடச் சிநேகம் வற்றிப்போனது. வாப்பா அதைப் பற்றி வாய் திறக்கவேயில்லை. அதன் பின்னர் அவர் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் கோழிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காது மங்கியது அந்தக் காலத்தில்தான். பேசுவதற்கு ஆளில்லாததால் காது மங்கியது எங்களுக்குத் தெரியவும் இல்லை.

எனக்கு இப்போது 47 வயது. இரண்டு பெண்பிள்ளைகள். மூத்தவள் 21. ஓய்வுபெற இன்னும் 13 வருடங்கள் இருக்கின்றன. அரச ஊழியரின் ஓய்வு வயதை 65 ஆக்கினார்கள்; 2022இல் மறுபடி 60 என்றார்கள்; இனி என்ன சொல்வார்களோ தெரியாது, நான் 60 என்றே கணக்குப் போட்டிருக்கிறேன். நாங்கள் இருக்கிற வீடு மனைவிக்கு அவளுடைய வாப்பா கொடுத்தது. அது மூத்தவளுக்கு. பக்கத்து வளவில் அத்திவாரம் போட்டு நிற்கும் வீடு இளையவளுக்கு. எங்களுக்கு? இந்தக் கேள்வியை எங்கள் ஊரில் வாய்விட்டுக் கேட்பது வெட்கக்கேடான காரியம். "எனக்கென்னத்துக்கு மனே ஊடு, எங்கயாச்சும் ஒரு பாய விரிச்சாப் போதும்" என்று சொல்வதுதான் நல்ல தகப்பனுக்கு அழகு. குவைத்துக்குப் போய் 11 வருடம் அடுப்படியில் நின்று இரண்டு மகள்மாருக்கும் வீடு கட்டிய ஒரு தாய் எங்கள் தெருவில் இருக்கிறார். அவரும் இதைத்தான் சொல்கிறார். பாய் விரித்துப் படுத்தால் எழும்ப முடியாத முழங்கால் அவருக்கு.

முதுமைக்கு ஆயத்தம் என்றால் நம்மவர்கள் இரண்டு விடயங்களைத்தான் நினைக்கிறார்கள். ஒன்று பென்ஷன், மற்றது ஹஜ். பென்ஷனைப் பற்றி அதிகம் சொல்வதற்கு இல்லை. எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கு அது இருக்கிறது. நாம் மௌத்தானால் மனைவிக்கும் ஒரு பங்கு வரும். விவசாயிகளுக்கு 1987இலும் மீனவர்களுக்கு 1990இலும் ஓய்வூதியத் திட்டங்கள் வந்தன. எங்கள் வட்டையில் தவணைக் காசு ஒழுங்காகக் கட்டியவர்களை விரல்விட்டு எண்ணலாம். கட்டியவர்களுக்கும் கையில் வருகிற தொகை ஒரு கிழமைச் சாமானுக்குக் காணாது. 2022இல் விலைகள் ஏறியபோது மாதச் சம்பளம் வாங்கிய நாங்களே தடுமாறினோம். பார்மசியில் பிரஷர் குளிசைக்கு வரிசையில் நின்ற கிழவர்களின் முகத்தை நான் மறக்கவில்லை. கையில் ஏதோ கொஞ்சம் தனியாக இருக்க வேண்டும், அது பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருந்தாலும் குற்றமில்லை என்பது என் எண்ணம். மனைவி இதற்கு உடன்பட மாட்டாள்.

ஹஜ் வேறு விடயம். எல்லாப் பெண்பிள்ளைகளையும் கரையேற்றிய பிறகுதான் ஹஜ் என்று வைத்திருக்கிறோம். ஆகவே போகும்போது 65, 70. ஸபாவுக்கும் மர்வாவுக்கும் இடையில் ஒரு நடை ஏறத்தாழ 450 மீற்றர். ஏழு நடை. மூன்று கிலோமீற்றருக்கு மேல் வருகிறது. அதற்கு முன்னால் தவாப், பிறகு மினாவும் அரபாவும். கணக்கு வாத்தியார் என்பதால் நான் இதைப் பாடசாலை மைதானத்தில் அளந்து பார்த்தேன். ஹஜ்ஜுக்குக் காசு சேர்க்கிறவர்கள் கால்களையும் சேர்த்து வைக்க வேண்டும் என்று ஹாஜிமாருக்கு வகுப்பு நடத்தும் மௌலவியிடம் சொன்னேன். சிரித்தார். அடுத்த வருட வகுப்பில் நடைப்பயிற்சியைச் சேர்த்துக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன்.

கால்களைப் பற்றிச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஜும்ஆப் பள்ளிக்குள் ஒரு கதிரைகூட இல்லை. நான் ஆசிரியனான காலத்தில் இரண்டோ மூன்றோ இருந்தன. கடந்த ரமழானில் தராவீஹுக்கு முன்னால் எண்ணினேன். 31 பிளாஸ்டிக் கதிரைகள். அவற்றில் அமர்ந்திருந்தவர்களில் ஆறு பேர் எனக்கு இளையவர்கள். ஒருவர் என்னிடம் படித்தவர். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் 31 என்ற எண் ஏதோ சொல்கிறது. தரையில் இருந்து கை ஊன்றாமல் எழும்புவது சாதாரணக் காரியமல்ல. பிரேசில் நாட்டு வைத்தியர்கள் 51 முதல் 80 வயது வரையுள்ள ஈராயிரம் பேரைத் தரையில் இருந்து எழும்பச் சொல்லிப் புள்ளி போட்டு, அதன் பின் சில வருடங்கள் அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். 2012இல் வெளிவந்த அந்த ஆய்வில், இருந்து எழும்ப மிகவும் சிரமப்பட்டவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாக இறந்துபோயிருந்தார்கள். நமக்குப் பர்ளு மட்டும் ஒரு நாளைக்கு 17 ரக்அத். குனிந்து, நெற்றி வைத்து, இருந்து, எழும்பி. 40 வயதில் ஒரு சின்ன முழங்கால் வலிக்காகக் கதிரைக்குப் போகிறவர் மறுபடி தரைக்கு வருவதை நான் இதுவரை காணவில்லை. வைத்தியரிடம் காட்டி, வலிக்குப் பயிற்சி கேட்டு, முடிந்தவரை தரையில் நிலைத்திருப்பதே புத்தி என்று எனக்குப் படுகிறது.

சீனி வருத்தத்தைப் பற்றித் தனியாக எழுத வேண்டியதில்லை; நமது வீடுகளில் அது ஒரு குடும்ப உறுப்பினர். 2005–2006இல் நாடளாவ நடந்த ஓர் ஆய்விலேயே வயது வந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்குச் சீனி வருத்தமோ அதற்கு முந்திய நிலையோ இருந்தது. எங்கள் ஆசிரியர் அறையில் இடைவேளைக்கு மணி அடித்தால் ரொட்டியோடு மெட்ஃபோமினும் வெளியே வரும். தேநீரில் சீனி மாத்திரம் குறையாது. "குளிசை போடுறம்தானே சேர்" என்பார்கள். நம்மவரின் சாப்பாட்டில் பெரிய பிழை இராச்சோறு என்று நான் நினைக்கிறேன். இஷாவுக்குப் பிறகு, பத்து மணிக்கு, ஒரு கோப்பை நிறைய வெள்ளைச் சோறு, உடனே படுக்கை. வயல் செய்தவர்களின் அளவுச் சோற்றை, கதிரையில் இருந்து வேலை செய்கிற நாங்களும் சாப்பிடுகிறோம். வாப்பா அதே அளவு சாப்பிட்டார். ஆனால் சுபஹுக்குப் பிறகு ஆறு மைல் சைக்கிள் மிதித்து வட்டைக்குப் போனார். முழங்கால் விடாமல் பிடித்து, வயலுக்குப் போவதை நிறுத்திய பிறகுதான் அவருக்குச் சீனி ஏறியது. அரச ஆஸ்பத்திரிகளில் 40ஐத் தாண்டியவர்களுக்குச் சீனி, பிரஷர், உடல் நிறை எல்லாம் இலவசமாகப் பார்க்கும் கிளினிக்குகள் நடக்கின்றன. அங்கே போய்ப் பாருங்கள். வரிசையில் பெண்கள்தான் இருப்பார்கள். ஆண்கள் விழுந்த பிறகு அம்புலன்ஸில் வருவார்கள்.

என் மனைவி மூன்று வருடங்களாக நடக்கிறாள். சுபஹ் தொழுதுவிட்டு அவளும் இரண்டு மச்சிமாரும் கடற்கரை வீதியால் போய், தோணிகள் கரை சேரும் இடம் வரை சென்று திரும்புவார்கள். ஆரம்பத்தில் ஊர் சும்மா இருக்கவில்லை. பொம்புளையள் விடியக்காலையில் ரோட்டில் என்ன வேலை என்று கேட்டார்கள். பள்ளிக்கு முறைப்பாடு போகும் என்றுகூட ஒருவர் சொன்னார். இப்போது அந்த வீதியில் விடியற்காலையில் 40, 50 பெண்கள் நடக்கிறார்கள். முறைப்பாடு செய்வதாகச் சொன்னவரின் மனைவியும் அவர்களில் ஒருவர். அவருக்கும் சீனி வருத்தம். கிழமைக்கு 150 நிமிட நடை, அதோடு இரண்டு நாட்களாவது தசைக்கு வேலை, 65க்குப் பிறகு விழாமல் நிற்பதற்கான பயிற்சி என்று உலக சுகாதார தாபனம் 2020இல் சொல்லியிருக்கிறது. தசைக்கு வேலை என்றதும் ஜிம்முக்குப் போக வேண்டியதில்லை. எங்கள் கிணற்றில் மோட்டரை நிறுத்திவிட்டுக் காலையில் பத்து வாளி நான் கையால் அள்ளுகிறேன். பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குக் கல்வி உளவியல் என்ற பாடம் இருந்தது. எரிக் எரிக்சனின் எட்டு வளர்ச்சிப் பருவங்களை மனனமாக்கினோம். குழந்தைப் பருவம் முதல் கட்டிளமைப் பருவம் வரை விரிவுரையாளர் விளக்கினார். ஆறாம், ஏழாம், எட்டாம் பருவங்கள் வந்தபோது, "இவை பரீட்சைக்கு வராது, நீங்கள் படிப்பிக்கப் போவது பிள்ளைகளுக்கு" என்று கடந்துவிட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பரீட்சைக்கு வரவும் இல்லை. அண்மையில் பழைய குறிப்புக் கொப்பியைப் புரட்டியபோது ஏழாம் பருவம் கண்ணில் பட்டது. நடுவயதில் மனிதன் அடுத்த தலைமுறைக்கு எதையாவது ஆக்கிக் கொடுக்கிறான், அல்லது தேங்கிப்போகிறான் என்கிறார் எரிக்சன். எட்டாம் பருவத்தில், வாழ்ந்ததைத் திரும்பிப் பார்த்து நிறைவடைகிறான், அல்லது மனம் கசந்துபோகிறான். எரிக்சன் 1994இல் இறந்த பிறகு, தொண்ணூறைக் கடந்த அவருடைய மனைவி ஜோன், எட்டோடு முடியவில்லை என்று ஒன்பதாவது பருவம் ஒன்றைச் சேர்த்து எழுதினார். அது 1997இல் வெளிவந்தது. 80க்கும் 90க்கும் மேல் உடலே ஒத்துழைக்காதபோது முன்னர் வென்ற பருவங்கள் எல்லாம் மறுபடி சோதனைக்கு வருகின்றன என்பது அவருடைய கருத்து. அங்கே போய்ச் சேர்ந்தவர் எழுதியது, நம்பலாம்.

எங்கள் பாடசாலையில் ஒவ்வொரு வருடமும் ஒக்டோபர் 1ஆம் திகதி சிறுவர் தினம் கொண்டாடுகிறோம். அதே நாள் முதியோர் தினமும்தான். பதாகையில் இரண்டும் எழுதப்பட்டிருக்கும். பலூன், டொபி, பாட்டு எல்லாம் சிறுவர்களுக்கு. ஒரு வருடம் நான் அதிபரிடம் கேட்டு, ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியவரிடம் மூன்று கேள்விகள் கேட்டு எழுதி வர வேண்டும் என்று வைத்தேன். சிறுவயதில் என்ன விளையாடினீர்கள், என்ன தொழில் செய்தீர்கள், இப்போது என்ன வேலை செய்கிறீர்கள். முதல் இரண்டுக்கும் பக்கம் பக்கமாக எழுதி வந்தார்கள். மூன்றாவதற்கு 34 கொப்பிகளில் 20க்கு மேல் ஒரே விடைதான்: "சும்மா இருக்கிறார்." அந்தச் சொல்லை நான் கரும்பலகையில் எழுதவில்லை. ஆனால் இன்றும் அது காதில் இருக்கிறது. வயல் வரப்பை மழை வரும் திசை பார்த்து உயர்த்தத் தெரிந்தவர்கள், வலை பின்னத் தெரிந்தவர்கள், ஒரு சேலைக்கு எத்தனை நூல் பாவு என்று கண்ணால் சொல்லும் மருதமுனைத் தறிக்காரர் ஒருவர், எல்லோரும் சும்மா இருக்கிறார்கள்.

இது காதோடும் தொடர்புபட்டது. 2024இல் வெளிவந்த லான்செட் ஆணைக்குழுவின் அறிக்கை, மறதி நோய்க்கு வழிவகுக்கும், ஆனால் தவிர்க்கவோ குறைக்கவோ கூடிய 14 காரணங்களைச் சொல்கிறது. நடுவயதில் கேட்கும் திறன் குறைவது அவற்றில் ஒன்று. தனிமைப்படுவது இன்னொன்று. சீனி, பிரஷர், புகைத்தல் எல்லாம் பட்டியலில் இருக்கின்றன. கண் மங்கினால் நாம் உடனே கண்ணாடி போடுகிறோம். கண்ணில் வெள்ளை விழுந்தால் அரச ஆஸ்பத்திரியில் வெட்டிக்கொள்கிறோம். காது மங்கினால் மட்டும் மற்றவர்களைச் சத்தமாகப் பேசச் சொல்கிறோம். கொஞ்சக் காலத்தில் மற்றவர்கள் பேசுவதையே நிறுத்திவிடுகிறார்கள். கடந்த வருடம் நான் காதைப் பரிசோதித்துக்கொண்டேன். வலது காது சற்றுக் குறைவு. வகுப்பில் அந்தப் பக்கத்து வாங்குப் பிள்ளைகளுக்கு இது முன்பே தெரிந்திருக்கிறது என்பது பிறகுதான் விளங்கியது.

மீண்டும் வீட்டுக்கு வருகிறேன். உறுதி எழுதும் விடயம் எங்கள் ஆட்கள் நினைப்பதைப் போல வெறும் கையெழுத்து அல்ல. முஸ்லிம்களின் நன்கொடை உறுதிகளைப் பற்றி 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டம் ஒன்று சொல்கிறது: மீளப்பெற முடியாதது என்று உறுதியிலேயே எழுதியிருந்தாலொழிய, அது மீளப்பெற முடியாததாகக் கருதப்படாது. ஆகவேதான் மாப்பிள்ளை பகுதியார் அந்தச் சொல்லைத் தேடிப் பார்க்கிறார்கள். கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது மார்க்கத்தில் வெறுக்கப்பட்டது. பிள்ளைக்குக் கொடுத்த தகப்பனுக்கு மாத்திரம் விலக்கு உண்டு என்று மௌலவிமார் சொல்வார்கள். நான் திருப்பிக் கேட்கும் பேச்சைப் பேசவேயில்லை. கொடுக்கும்போதே ஓர் அறையையும் அதற்குப் போகிற வழியையும் கொடுக்காமல் வைத்துக்கொள்வதைப் பற்றிப் பேசுகிறேன். சீவிய உரித்து வைத்து எழுதுவதா, அந்தத் துண்டை வேறாக அளந்து எடுப்பதா என்பதை நொத்தாரிசிடமும் மார்க்கச் சட்டம் தெரிந்த ஒருவரிடமும் கேட்டே செய்ய வேண்டும். ஒவ்வொரு வளவும் ஒவ்வொரு மாதிரி. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தன்னைப் பராமரிக்க இயலாத பெற்றோர், பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புக் கோரி ஒரு சபைக்கு விண்ணப்பிக்கலாம். நல்ல சட்டம். எங்கள் ஊரில் அந்தப் படிவத்தை நிரப்பப் போகிற உம்மாவை நான் காணப் போவதில்லை. பிள்ளையைக் கூண்டில் ஏற்றுவதைவிடப் பட்டினி கிடக்கத் துணிந்தவர்கள் அவர்கள். சட்டத்தின் வாசல் வரை போகத் தேவையில்லாமல் நாற்பதுகளிலேயே சுவரை எங்கே வைப்பது என்று தீர்மானிப்பது இலகு.

இளையவளின் வீட்டு வரைபடத்தில் நான் ஓர் அறை சேர்த்தேன். பின்வளவில் அல்ல; ரோட்டுப் பக்கம், மூலையில். பத்தடிக்குப் பன்னிரண்டு. அதற்கு வெளிக்கதவு தனியாக, ரோட்டுக்குத் தனிக் கடப்பு. உள்ளே மகளின் வீட்டுக்குள் போக ஒரு கதவு; அதற்குத் தாழ்ப்பாள் இரண்டு பக்கமும். அறையோடு ஒட்டிய குளியலறை. மேசன் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "சேர், கக்கூஸ் வெளியாலதானே வழக்கம்?" என்றார். இரவில் மூன்று தரம் எழும்புகிற வயதில் முற்றத்தைக் கடந்து போய் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர்கள் எங்கள் தெருவில் மாத்திரம் மூன்று பேர் என்று சொன்னேன். கொமட், பக்கத்துச் சுவரில் பிடித்து எழும்ப ஒரு குழாய், வழுக்காத கரடுமுரடான தரை ஓடு, படி இல்லாத வாசல் என்று எழுதிக் கொடுத்தேன். கதவு அகலம் மூன்றடி. ஒருநாள் சக்கர நாற்காலி வந்தாலும் நுழைய வேண்டும். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். 47 வயதுக்காரன் தன் மௌத்தை வரைகிறான் என்று நினைத்திருப்பார்.

மகள்மாரிடம் இதைச் சொல்லத்தான் எனக்குத் தயக்கம் இருந்தது. எங்களை நம்பவில்லையா என்று கேட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். இளையவள் பேசாமல் இருந்தாள். அவளுக்கு 16 வயது; வீடு என்பது இன்னும் அவளுக்கு ஒரு சங்கதியல்ல. மூத்தவள் வரைபடத்தை விரித்து வைத்து வெகுநேரம் பார்த்தாள். மூத்தவாப்பாவின் கைக்குள் வளர்ந்தவள் அவள். "வாப்பா, கதவுக்கு வெளியால ஒரு திண்ணையும் வைங்க. உங்கட கூட்டாளிமார் வந்தா எங்க இருக்கிற? மூத்தவாப்பாட கூட்டாளி அப்பா வரப்போக வெட்கப்பட்டது எனக்கும் தெரியும்" என்றாள். நான் அவளிடம் அந்தக் கதையைச் சொன்னதேயில்லை. திண்ணை சேர்ந்தது. ஆறடி நீளம், இரண்டடி அகலம்.

மனைவிக்கு இதில் ஒரு வழக்கு இருக்கிறது. அறைக்குள் ஒரு மூலையில் சின்னதாக ஓர் அடுப்பு வேண்டும் என்கிறாள். தேநீர் போடுவதற்கு மகளைக் கூப்பிட முடியாது, கஞ்சி காய்ச்சுவதென்றால் தன் கையால் காய்ச்ச வேண்டும், நோன்பு காலத்தில் ஸஹருக்கு யாருடைய தூக்கத்தையும் கெடுக்கக் கூடாது என்கிறாள். நியாயம்தான். ஆனால் அடுப்பு வைத்தால் ஊர் என்ன சொல்லும் என்பது எனக்குத் தெரியும். மகள் சோறு கொடுக்கவில்லை, கிழவனும் கிழவியும் தனியடுப்பு மூட்டிவிட்டார்கள் என்று ஜும்ஆவுக்கு முன்னமே கதை பரவும். அந்தப் பேச்சு வந்து விழப்போவது இளையவளின் தலையில். "இஞ்ச பாருங்க, ஊரு வந்தா நமக்குக் கஞ்சி காய்ச்சித் தரப்போகுது?" என்று மனைவி கேட்கிறாள். இரண்டு கிழமையாக இது நடக்கிறது. மேசன் திங்கட்கிழமை சுவர் எழுப்ப வருகிறார். அடுப்புக்கு மேலே புகை போகத் துவாரம் விடுவதா என்று அவருக்கு அன்று காலைக்குள் சொல்ல வேண்டும்.